பழையது பிந்தி வந்தால்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரெயின்கோட் போட்டும் முழங்காலுக்குக் கீழே தொப்பல். ஈஜிபுராவில் ஸ்கூட்டர் நகரவேயில்லை. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மீட்டிங் பாதி முடிந்திருந்தது.

என் கியூவை எடுக்கப்போகிறார்கள்.

எழுதிப் பார்த்தால் சின்ன விஷயம். எங்களுடையது ரத்தப் பரிசோதனை லேப்களுக்கான மென்பொருள். லேபில் மெஷின் ஒரு ரிசல்ட் சொல்லும். அது டாக்டரின் திரைக்கும் நோயாளியின் போனுக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதினால் அந்தப் பக்கம் திணறும். அதனால் நடுவில் ஒரு வரிசை. வருவதை வாங்கி நிறுத்திவைத்து, அந்தப் பக்கம் கை ஒழிந்ததும் ஒவ்வொன்றாகக் கொடுக்கும். கம்பெனி ஒரு மாடியறையாக இருந்த காலத்தில் நான் எழுதியது. எங்கள் சொந்த சர்வரில் ஓடுகிறது. ஆபீசில் அதற்குப் பெயரே ரெஜினா. "ரெஜினா மெதுவா போகுது." "ரெஜினாவ ரீஸ்டார்ட் பண்ணு." புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரம் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அது நின்றுவிட்டது. நான் ஆனேக்கல்லில் ஒரு கல்யாணத்தில். போன் பைக்குள், பை மண்டபத்தில் ஏதோ நாற்காலியில். மத்தியானம் முழுக்க எந்த லேபிலிருந்தும் ஒரு ரிப்போர்ட்கூடப் போகவில்லை. முதலாளி மூர்த்தி சாரை எல்லோரும் போனில் கிழித்துவிட்டார்கள். அன்றே தெரியும், இது வரும் என்று.

மூ. சார் இன்று: "ஒரே ஆள் மேல எல்லாம் நிக்கக் கூடாதும்மா. தப்பா நெனைக்காதீங்க. இதெல்லாம் கிளவுட்ல ரெடியா வாடகைக்குக் கெடைக்குது. ராத்திரி பகல் அவங்களே பாத்துக்குவாங்க. நல்லதா ஒண்ணு செலெக்ட் பண்ணுங்க."

நியாயம். நானே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாக்கியம்தான் குத்தியது.

"வசுந்தரா லீட் பண்ணட்டும். ரெஜினா சப்போர்ட்."

சப்போர்ட்.

வசுந்தராவுக்கு என் வயதுதான். பையனைப் பார்த்துக்கொள்ள ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த ஜனவரியில் சேர்ந்தவள். அந்த ஏழு வருடமும் நான் இங்கே, பண்டிகை தினங்களிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. இனி அவளை வ. என்று எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

வாங்க: துவரம் பருப்பு, ஸ்கூட்டருக்கு ஆயில், செல்வினுக்கு விசில் கயிறு. கணவர் பி.டி. மாஸ்டர் என்றால் மாதம் ஒரு கயிறு தொலைக்க வேண்டும் போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை இல்லை. மேகம் மட்டும்.

மூன்று சேவைகளை எடுத்துப் பார்க்கிறோம். என் குறிப்பு:

முதலாவது. மலிவு. எவ்வளவு வந்தாலும் தாங்கும். வரிசை கறார் இல்லை, முன்னது பின்னது ஆகலாம். 'வாங்கிக்கொண்டேன்' என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் அதே செய்தியை மறுபடி கொடுக்கும்.

இரண்டாவது. வரிசை தவறாது. முன்னது போகாமல் பின்னது நகராது. மெதுவு. விலை கூட.

மூன்றாவது. கடல். எதையும் அழிக்காமல் வைத்திருக்கும், வேண்டும்போது பின்னால் ஓட்டிப் பார்க்கலாம். அதை மேய்க்கவே தனி ஆள் வேண்டும். நமக்கு எதற்கு.

இதை நான் வாயால் சொன்னபோது எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வ. எழுந்து போர்டுக்குப் போனாள்.

"நின்னு சாப்பிடற தர்ஷினி ஹோட்டலுக்குப் போறீங்க. காபிக்கு ஒரு டோக்கன், இட்லிக்கு ஒரு டோக்கன். காபி முன்னாடி வந்துட்டா சண்ட போடுவீங்களா?"

"காபி ஆறிடுமே மேடம்," என்றான் இம்ரான். லேப்காரர்களின் போனையெல்லாம் எடுக்கிறவன் அவன்தான்.

"ஆறினா பரவால்லன்னா முதலாவது போதும். ஆறக் கூடாதுன்னா ரெண்டாவது. மூணாவது எப்படின்னா, நீங்க போன வருஷம் குடிச்ச காபியக்கூட எடுத்து வெச்சிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். மூ. சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருடமாக நானும் இதைத்தான் விளக்குகிறேன். ஒருவருக்கும் காபி நினைவு வந்ததில்லை.

பிறகு அவளும் மூ. சாரும் கன்னடத்தில். எனக்கும் கன்னடம் தெரியும். லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், தெரியாமல் என்ன. ஆனால் என்னுடையது பஸ் கன்னடம், காய்கறிக் கடைக் கன்னடம். அவளுடையது வீட்டுக் கன்னடம். அவள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து இங்கே சர்க்கார் உத்தியோகம். தமிழிலிருந்து கன்னடத்துக்கு அவள் தாவுவது கண்ணுக்கே தெரியாது. நான் தாவினால் சத்தம் கேட்கும்.

அவள் சாப்பாட்டு டப்பாவில் கோசம்பரி, ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும். என்னிடம் நீட்டினாள். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஆகஸ்ட் 6, புதன்

தலைவலி. வெயிலும் தூறலும் மாறி மாறி.

நான் இரண்டாவதுக்காகப் பேசினேன். வரிசை தவறக் கூடாது என்றேன்.

வ. குரல் உயர்த்தவில்லை. "ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனி நம்பர் இருக்கு, ரெஜினா. ராமண்ணா ரிப்போர்ட் முன்னாடி போனா என்ன, சலீமா ரிப்போர்ட் முன்னாடி போனா என்ன? ரெண்டு வேற வேற ஆளு. ஒருத்தர் காபி இன்னொருத்தருக்கு ஆறாது, ஹௌதா, சரிதானே?"

ஏதோ ஒரு காரணம் இருந்தது. என் கியூவில் வரிசையை அவ்வளவு பிடிவாதமாகக் காத்தது நான்தான். ஏன் என்று எனக்கே நினைவு வரவில்லை.

"கரெக்ட்," என்றார் மூ. சார். முதலாவது. முடிந்தது. திங்கட்கிழமை ஃப்ரேசர் டவுன் லேபில் டெமோ. அங்கே இருக்கும் டாக்டர் அம்மாதான் எங்களுடைய பழைய வாடிக்கையாளர்களில் மிகவும் கறாரானவர்.

வீட்டில் செல்வினிடம் கொட்டினேன். அவர் பனியனை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா சொல்றது சரியா தப்பா?"

"சரி மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் என்னா ரெஜி?"

"அதான்."

அவருக்குப் புரியவில்லை. பி.டி. மாஸ்டருக்குத் தெரியாதா, தோற்றவன் முகம் எப்படி இருக்கும் என்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

நல்ல நாள். மிக நல்ல நாள்.

பழைய ரிப்போர்ட்களில் பெயர்களை அழித்து மாதிரித் தகவலாக்கி முதலாவது சேவையில் ஓடவிட்டேன். சப்போர்ட் வேலை. எல்லாம் ஒழுங்காகப் போயிற்று, ஒன்றைத் தவிர.

ஒரு நோயாளி, இரண்டு ரிப்போர்ட். லேபில் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். டெக்னீஷியன் கவனித்து, மறுபடி ரத்தம் எடுத்து, திருத்திய ரிப்போர்ட் அனுப்புவார். அதே நம்பர், புதிய அளவு. எப்போதாவது நடப்பது. இன்று திருத்தியது முன்னால் போய்விட்டது. பழைய தப்பு ரிப்போர்ட் மறுபடி வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் திரையில் கடைசியில் நிற்பது பொய்.

ராமண்ணாவும் சலீமாவும் இல்லை. ராமண்ணாவும் ராமண்ணாவும். ஒரே ஆளின் காபியே ஆறும்.

என் பழைய புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தேன். இருந்தது. ஒரு சின்ன நிபந்தனை. மேலே ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு: 'பழையது பிந்தி வந்தால் தள்ளு.' எப்போது எழுதினேன் என்றுகூடத் தெரியவில்லை. அப்போதைய ரெஜினா இப்போதையவளைவிடக் கெட்டிக்காரி. அவள் மீதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

இம்ரான் பக்கத்தில் போனவன் நின்றான். "என்ன மேடம், தனியா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல இம்ரான். வா, டீ குடிக்கலாம்."

அவனுக்கு பன்னும் வாங்கிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லப்போவதும் இல்லை. திங்கட்கிழமை டெமோவுக்கு மாதிரித் தகவல்தான். யார் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. டாக்டர் அம்மா கட்டாயம் கேட்பார், "திருத்தின ரிப்போர்ட் அனுப்பினா என்ன ஆகும், காட்டுங்க" என்று. அவள் காட்டட்டும். போர்டுக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பதில் தெரியாமல் நிற்கட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரமகாலட்சுமி பண்டிகை. ஆபீசில் பாதிப் பேர் இல்லை. தெருவெல்லாம் வாழைக்கன்று, செவ்வந்தி, தாமரை மொட்டு.

வ. நேற்றே கூப்பிட்டிருந்தாள், சாயங்காலம் தாம்பூலத்துக்கு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். அவள் வீட்டைப் பார்க்கும் ஆசை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மல்லேஸ்வரம். குறுகலான பழைய வீடு, சின்னதுதான். நான் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் வெளிச்சம். பட்டுப்புடவையில் அவள். என்னைப் பார்த்ததும் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"இவங்கதான் ரெஜினா. நான் சொல்வேனில்ல? ஊர்ல பாதி பேரோட ரிப்போர்ட் இவங்க கட்டின ரோட்லதான் போகுது."

அந்தப் பெண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவள் பையனைப் பார்த்தேன். பத்து வயதிருக்கும். காதில் கருவி. சத்தம் பிடிக்காமல் உள்ளறையில் தனியாக, சுவரோரமாக கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் நடுநடுவே போய் அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள். ஏழு வருடம்.

சமையலறையில் ஒப்பட்டு, நம் போளிதான், கட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ரெஜினா, ஒண்ணு கேக்கணும். தெனம் அவன் தூங்கினப்புறம் உங்க கோடைத்தான் படிக்கறேன். நெஜமாவே ரொம்ப சுத்தமா எழுதியிருக்கீங்க. அதுல ஒரு எடத்துல பழசு வந்தா தள்ளுன்னு இருக்கே, அது எதுக்கு? புதுசுலயும் அது வேணுமா?"

நெய் வாசனை. வெளியே யாரோ ஆரத்திப் பாட்டு.

"அதுவா," என்றேன். "அது பழைய சர்வர்ல ஏதோ பிரச்சின, அதுக்காகப் போட்டது. இப்ப தேவையில்ல."

"சரி. நீங்க சொன்னா சரிதான்." குங்குமம் வைக்க வந்தவள், நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று சட்டென்று நினைவு வந்து, நிறுத்திக் கேட்டாள். "வெக்கலாமா?"

வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

துணி துவைத்தது. காயவில்லை.

செல்வின் ஒப்பட்டை ஒன்று விடாமல் தின்றார். "அந்தம்மா கை நல்ல கை." எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருந்தது வேறு. கேட்டபோது பொய் சொன்னது வேறு. நேற்றிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன். அவள் என்னைப் புகழாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ? அவ்வளவு பேர் முன்னால் பெரிய மனசு காட்டிவிட்டு வந்து கேட்டாள். அந்தப் பெரிய மனசுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கள் வரைதான். மாதிரித் தகவல்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை, கூட்டம். மைக் கரகரத்தது. பாட்டு எது என்றுகூட நினைவில்லை.

மத்தியானம் வ. போன். "சண்டே தொந்தரவு பண்றேன், சாரி. டாக்டரம்மா மாதிரித் தகவல் வேண்டாம்னுட்டாங்க. நாளைக்குக் காலைலேர்ந்து அவங்க லேபோட நெஜமான ரிப்போர்ட்டே புதுசு வழியா போகணுமாம். அப்பதான் நம்புவாங்களாம். மூர்த்தி சாரும் சரின்னுட்டாரு. எனக்கு ஸ்வல்ப பயமாத்தான் இருக்கு. நீங்க கூட இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நிஜ ரிப்போர்ட் என்றதும் தொண்டைவரை வந்தது. சொன்னால், வெள்ளிக்கிழமை ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள். அதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வைத்துவிட்டாள்.

திருத்திய ரிப்போர்ட் வருவது அபூர்வம். அதுவும் இடம் மாறி வருவது அதைவிட அபூர்வம். ஒரு காலையில் நடக்குமா என்ன. நடக்காது.

மீன் தீய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்தது.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நல்ல மழை. லேபில் நெட் விட்டு விட்டு வந்தது. டாக்டர் அம்மா, மூ. சார், வ., நான். சுவரில் பெரிய திரை. ரிப்போர்ட்கள் ஒவ்வொன்றாக ஓடின. வ. விளக்கினாள். டாக்டர் அம்மா தலையசைத்தார், அவர் தலையசைப்பதே பெரிய விஷயம். மூ. சார் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் பின்னால் நின்று ஒரே ஒரு பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டாசியம்.

டெக்னீஷியன் எட்டிப் பார்த்துச் சொன்னார், "மேடம், அந்த டயாலிசிஸ் பேஷன்ட் சாம்பிள் ஒடஞ்சிருந்துச்சு. மறுபடி எடுத்து அனுப்பிட்டேன்."

திரையில் அவர் வரி. 4.2. நல்ல அளவு. மூச்சு விட்டேன். நெட் ஒரு தடவை போய் வந்தது. பழைய செய்திக்கு 'வாங்கிக்கொண்டேன்' பதில் போய்ச் சேரவில்லை போல. சேவை அதன் கடமையைச் செய்தது, மறுபடி கொடுத்தது. என் கண் முன்னால் 4.2 போய் 7.1 வந்து உட்கார்ந்தது. சிவப்பு நிறத்தில்.

"நிறுத்துங்க!"

என் குரல்தான். அப்படி ஒரு குரல் எனக்கு உண்டு என்று தெரியாது. "அது தப்பு ரிப்போர்ட்! பழசு! மேல வந்து உக்காந்துடுச்சு! அவங்க டாக்டருக்குப் போன் பண்ணுங்க!"

டாக்டர் அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, போனை எடுத்தார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏற்கெனவே சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, நோயாளியைப் படுக்கவைத்து, பொட்டாசியம் இறக்கும் ஊசிக்கு ஆர்டர் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நல்ல அளவில் இருக்கிறவருக்கு அதைப் போட்டு இறக்கினால் இதயம் தாங்காது என்று டாக்டர் அம்மா பிறகு சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஊசி போடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை இரண்டு முறை எழுதுகிறேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய கியூவுக்கே மாற்றினோம்.

"ரெஜினா இல்லன்னா இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சிருக்கும்," என்றார் மூ. சார்.

"இந்தம்மா கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு நின்னிருக்காங்க," என்றார் டாக்டர் அம்மா. "மத்தவங்க எல்லாம் திரையப் பாத்தாங்க. இவங்க நோயாளியப் பாத்தாங்க."

வ. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கு நேராவது மாதிரி. சமையலறை, ஒப்பட்டு, என் பதில், இந்தக் கூச்சல். நேராகிவிட்டது. பிறகு குனிந்து லேப்டாப் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

நான் ஆசைப்பட்ட மாதிரியே நின்றாள். பதில் தெரியாமல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எல்லோருக்கும் வ. மெயில். நேற்றைய தவறு முழுக்கத் தன்னுடையது, திருத்திய ரிப்போர்ட்களைத் தான் யோசிக்கவில்லை, ரெஜினாவின் கவனத்துக்கு நன்றி. அவ்வளவுதான். 'நான் ரெஜினாவைக் கேட்டேன்' என்று ஒரு வரி இல்லை. தேடித் தேடிப் படித்தேன். இல்லை.

மூ. சார் கூப்பிட்டார். "இனிமே நீங்களே லீட் பண்ணுங்கம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்."

கிடைத்துவிட்டது. இம்ரான் கை தட்டினான். யாரோ பிஸ்தா கேக் வாங்கி வந்தார்கள். மரக்கட்டை மாதிரி இருந்தது.

நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்த மெயிலில் என்ன எழுதியிருப்பேன்? தெரியும். வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அவள் எழுதவில்லை. அவளுடைய போர்டு, கன்னடம், கோசம்பரி, எல்லாவற்றின் மீதும் பட்டதைவிட இந்த மௌனத்தின் மீது பொறாமை அதிகம். மற்றதையெல்லாம் முயன்றால் கற்றுக்கொள்ளலாம்.

செல்வினிடம் இன்னும் சொல்லவில்லை. லீட் கிடைத்ததை மட்டும் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

மொட்டை மாடியில் வ. தனியாக, பையனின் பள்ளிக்கூடத்தோடு போனில். முடியும்வரை காத்திருந்தேன்.

வைத்துவிட்டு அவளே கேட்டாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"நான் கேட்டது வெள்ளிக்கிழம."

"ஆமா."

"மறந்துட்டீங்களோன்னு ரெண்டு நாளா நெனச்சுப் பாத்தேன். இத்தன வருஷமாச்சே, மறந்திருப்பாங்கன்னு. நெனைக்க ஆசையா இருந்துச்சு."

"மறக்கல. பொறாம." வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "மாதிரித் தகவல்தானேன்னு இருந்தேன். அப்புறம் நெஜம்னு ஆனப்பவும் சொல்லல."

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கா. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் உங்க மேல பொறாமதான் ரெஜினா. நான் வீட்ல ஒக்காந்திருந்த வருஷமெல்லாம் நீங்க இங்க இருந்திருக்கீங்க. நின்னுபோனா உங்களத் தேடறாங்க. என்னத் தேட இங்க ஒருத்தர் இல்ல. அதனாலதான் உங்க கோடைப் படிச்சேன். உங்கள மாதிரி ஆகணும்னு." போனைப் பைக்குள் போட்டாள். "மன்னிப்பு கேக்காதீங்க. இப்ப வேண்டாம். இனிமே நீங்க எது சொன்னாலும் நான் ஒரு தடவ சரிபாத்துட்டுத்தான் நம்பணும். அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. உங்க வார்த்தய அப்படியே எடுத்துக்கறது எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

கீழே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த டயாலிசிஸ் ஆளு எப்படி இருக்காரு?" என்றார். நல்லா இருக்கார் என்றேன். "சரி. நாளைக்கு உங்க சார்கிட்ட சொல்லிடு," என்றார். மாணவனிடம் பேசுகிற குரல். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மூ. சார் முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "டெமோவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"வசுந்தரா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெரியல சார்."

வெகுநேரம் மேசைக் காலண்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ரெஜினா, அந்த மாடியறையிலேர்ந்து நீங்க எங்கூட இருக்கீங்க. வேற யாராச்சும்னா இன்னிக்கே போகச் சொல்லியிருப்பேன். நீங்கங்கறதாலதான் ஜாஸ்தி கோவம் வருது." கதவைக் காட்டினார். "ஹோகி. போங்க. சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம்: லீட் மறுபடி வ. சேவை, இரண்டாவது, வரிசை தவறாதது. அதற்கு மேலும் ஒரு காவல், பழையது பிந்தி வந்தால் தள்ளும் நிபந்தனை, புதிதாக எழுத வேண்டும். அதை எழுதுவது நான். வ. சரிபார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். அப்ரைசலில் இது வரும். டாக்டர் அம்மாவிடம் மூ. சாரே போய்ச் சொல்வார், நானும் கூடப் போக வேண்டும்.

எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இம்ரான் டீக்குக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

டாக்டர் அம்மா. நின்றபடியே கேட்டார். முடித்ததும், "நான் உங்களப் புகழ்ந்தத வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார். "கூச்சல் போட்டதுக்கான பாராட்ட மட்டும் வாங்கிக்கல." அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே மூ. சார் கார் கதவைத் திறந்துவிட்டார். லிங்கராஜபுரம் திருப்பத்தில் இறக்கிவிடும்போது, "சாப்பிட்டு தூங்குங்க," என்றார்.

தக்காளி, பால், செல்வினுக்கு விக்ஸ்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு துணி காய்ந்தது.

நிபந்தனையை எழுதி அனுப்பினேன். பழையதைவிட நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மத்தியானத்துக்குள் வ.விடமிருந்து திரும்பி வந்தது, பக்கமெல்லாம் கேள்விகள். காட்டமான ஒரு சொல் இல்லை, இனிப்பான ஒரு சொல்லும் இல்லை. இந்த நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம்? மெஷின் கடிகாரம் பின்தங்கியிருந்தால்? தள்ளிய ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்வி: இரண்டு லேப் ஒரே நோயாளிக்கு அனுப்பினால், எது பழையது என்று எப்படித் தெரியும்?

இத்தனை வருடத்தில் எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. இரண்டு முறை படித்தேன். காது சூடாயிற்று. எனக்கு ஏன் தோன்றவில்லை, அவளுக்கு எப்படித் தோன்றியது.

'தெரியாது' என்று பதில் எழுதினேன். அனுப்பினேன். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க," என்றாள்.